ரேடார் டிடெக்டர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: நாகர்கோவிலில் எனக்கு நடந்தது

"ஸ்பீட் கேமரா எங்க இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிரும்" என்று சொல்லி, நாகர்கோவிலில் ஒரு கார் ஆக்சசரீஸ் கடையில் என்னிடம் ஒரு ரேடார் டிடெக்டரை 6,500 ரூபாய்க்கு விற்றார்கள். அதே சரக்கு இப்போது மார்த்தாண்டம், கன்னியாகுமரி டாக்சிக்காரர்களிடமும் சுற்றுகிறது என்று கேள்விப்பட்டதால் இந்தப் பதிவு. கடையின் பெயரை எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் போகட்டும். விற்கும் முறையைத் தெரிந்துகொண்டால் போதும், எந்தக் கடையில் நடந்தாலும் பிடித்துவிடலாம்.

நான் தக்கலையில் சொந்த வண்டி வைத்து ஓட்டுகிறேன். திருவனந்தபுரம் ஏர்போர்ட், கன்னியாகுமரி, திருநெல்வேலி என்று சவாரி. ஓவர்ஸ்பீட் சலான் எங்கள் தொழிலில் புதிதல்ல. மெதுவாகப் போனால் போதுமே என்று கேட்கப்போகிறவர்களுக்கு: சரிதான். ஆனால் ஃப்ளைட்டுக்கு நேரமாகிவிட்டது என்று பின்சீட்டிலிருந்து ஒருவர் நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லும்போது அந்த நியாயம் எடுபடாது.

கடையில் இருந்த தம்பி இரண்டு டெமோ காட்டினார். முதலாவது கவுண்டரிலேயே. டிடெக்டரை மேலே வைத்துவிட்டுக் கீழே குனிந்து எதையோ ஆன் செய்தார். மேலே இருந்தது உடனே கத்தியது. "இது போலீஸ் கன் மாதிரி ஒரு டெஸ்டர் அண்ணே" என்றார். இரண்டாவது டெமோ ரோட்டில். கருவியை என் வண்டியில் மாட்டி, வேப்பமூட்டிலிருந்து செட்டிகுளம் வரை கூட்டிக்கொண்டு போனார். ஒரு பெரிய ஜவுளிக்கடை வாசலில் கத்தியது, கொஞ்சம் தள்ளி நகைக்கடை பக்கம் கத்தியது. "பாத்தியளா? இங்கெல்லாம் கேமரா வச்சிருக்கான். நம்ம கண்ணுக்குத் தெரியாது, இது பிடிச்சிரும்" என்றார். அட்டைப் பெட்டியில் 16 பேண்ட் (அலைவரிசை), 360 டிகிரி என்று போட்டிருந்தது. குரல் ஆங்கிலத்திலும் ரஷ்ய மொழியிலும் பேசும். பெட்டியின் பட்டியலில் 'ஸ்ட்ரெல்கா' என்றுகூட ஒன்று இருந்தது. அது ரஷ்யாவில் ரோட்டுக்கு மேலே மாட்டியிருக்கும் கேமரா. ஆரல்வாய்மொழிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

விஷயத்தைப் பிரித்துக் காட்டியது என் அக்கா மகன். சிசிடிவி, ஆட்டோமேட்டிக் கதவு மாட்டும் வேலை அவனுக்கு. வண்டியில் ஏறியவன் இது கத்துவதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "மாமா, இது எங்க சென்சாருக்குத்தான் அடிக்குது" என்றான்.

பெரிய கடைகளில் ஆள் வந்தால் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு இருக்கிறதல்லவா, அதன் மேலே ஒரு சின்னப் பெட்டி இருக்கும். பல கதவுகளில் அது மைக்ரோவேவ் சென்சார். 24.125 கிகாஹெர்ட்ஸ் அலையை விடாமல் வீசிக்கொண்டிருக்கும், ஆள் நடந்து வந்தால் திரும்பி வரும் அலையில் ஏற்படும் மாற்றத்தை வைத்துக் கதவைத் திறக்கும். போலீஸ் ரேடாரும் இப்படி அலையை வீசித்தான் வேகம் பார்க்கும், அதில் கே பேண்ட் என்பது 24.150. இரண்டும் ஒட்டி ஒட்டி இருப்பவை. டிடெக்டருக்குத் தெரிவது அந்த அலை வருகிறது என்பது மட்டும்தான். அனுப்புவது போலீஸா, பட்டுச்சேலைக் கடையா என்பது அதற்குத் தெரியாது. பழைய கதவுகளில் 10.525 உண்டு, அதுதான் எக்ஸ் பேண்ட். சில கார்களின் பின் பம்பரில், பக்கவாட்டில் வரும் வண்டியைக் காட்டும் சென்சாரும் இதே 24-ல் ஓடும். அப்படி ஒரு கார் முன்னால் போனால் பார்வதிபுரம் மேம்பாலம் முழுக்கக் கத்திக்கொண்டே வரும்.

நான் முதலில் நம்பவில்லை. இத்தனை கத்தலில் ஒன்றாவது நிஜமாக இருக்காதா என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஒரு நாள் நாகர்கோவிலில் பராமரிப்புக்காக கரண்ட் நிறுத்தியிருந்தார்கள். அதே ஜவுளிக்கடை வாசலில் பயணிக்காகக் காத்திருந்தேன். கருவி கப்சிப். கடை ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்ததுதான் தாமதம், "கே பேண்ட்" என்று கத்தியது. கரண்ட் போனால் போலீஸும் போய்விடுமா என்ன?

கவுண்டரில் காட்டிய 'டெஸ்டர்' இதைவிட மோசம். கீழே இருந்தது இன்னொரு டிடெக்டராகத்தான் இருக்க வேண்டும் என்கிறான் மருமகன். இந்தக் கருவிகள் ரிசீவர்கள்தான், அதாவது அலையைப் பிடிப்பவை. ஆனால் வரும் அலையோடு கலப்பதற்காக உள்ளுக்குள்ளேயே ஓர் ஆஸிலேட்டர் அலை உண்டாக்கும். மலிவுப் பெட்டியில் மறைப்பு சரியாக இருக்காது, அது வெளியே கசியும். பக்கத்தில் இருக்கும் இன்னொரு டிடெக்டர் அதைப் பிடித்து ரேடார் என்று கத்தும். சும்மா சொல்கிறானோ என்று, இதே சரக்கை வாங்கி ஏமாந்த இன்னொரு டிரைவரின் கருவியை என் கருவிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டும் மாறி மாறிக் கத்தின.

ரேடார் போக, போலீஸின் லேசர் கன்னுக்கும் இந்தக் கருவி எச்சரிக்கை கொடுக்க வேண்டும். அந்த லேசர் பக்கம் இன்னும் கூத்து. சாயங்காலம் நாகர்கோவிலிலிருந்து திரும்பும்போது, சுங்கான்கடை தாண்டி வெயில் நேராகக் கண்ணாடியில் அடித்தால் "லேசர், லேசர்". சூரிய ஒளியில் அகச்சிவப்பும் நிறைய உண்டு. லேசர் கன் பயன்படுத்துவது 905 நானோமீட்டர் அளவில் அதே அகச்சிவப்புதான். நல்ல கருவியில் தேவையில்லாததை வடிகட்டும் ஃபில்டர் இருக்கும், இதில் பேருக்குக்கூட இல்லை போல. எல்இடி விளக்குகளும் அப்படித்தான். நமக்கு நின்று எரிவதுபோலத் தெரிந்தாலும் பல எல்இடிகள் நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அணைந்து எரிகின்றன. லேசர் கன்னும் ஏறத்தாழ அதே வேகத்தில்தான் துடிப்புகளை அனுப்பும். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா சமயத்தில் அலங்கார வளைவுகளைத் தாண்டிப் போனபோது இது போட்ட சத்தத்தில் பயணி பயந்தே போனார். முகம் காட்டித் திறக்கும் போன்களும் அகச்சிவப்பு ஒளியை விட்டுவிட்டு வீசும். டாஷ்போர்டில் அப்படி ஒரு போனை மாட்டியிருந்தால், நம் போனுக்கே நம் டிடெக்டர் எச்சரிக்கை கொடுக்கும்.

ஒரு விஷயம் நியாயமாகச் சொல்ல வேண்டும். பொய் அலாரம் அடிப்பதால் மட்டும் கருவி மோசடி ஆகிவிடாது. வெளிநாட்டில் விற்கும் விலை உயர்ந்த டிடெக்டர்களும் கடைக் கதவுக்கு அடிக்கத்தான் செய்யும். அதனால்தான் அவற்றில் ஊருக்குள் கத்தலைக் குறைக்கும் சிட்டி மோட் என்று ஒன்று இருக்கிறது, ஜிபிஎஸ் வைத்து ஒரே இடத்தில் தினமும் வரும் சிக்னலை நினைவில் வைத்து அடக்கும் வசதியும் இருக்கிறது. என் கருவியிலும் சிட்டி மோட் பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் ஜவுளிக்கடை வாசலில் சத்தம் பாதியாகக் குறைகிறது. டெமோ காட்டும்போது நகரத்துக்குள்ளேயே, கத்தலைக் குறைக்காத ஹைவே மோடில் போட்டு ஓட்டினார்கள். அப்படிப் பொய் அலாரத்தைக் காட்டி "பாத்தியளா, பிடிச்சிட்டு" என்று விற்பது தெரிந்தே செய்வது. ஊரில் நடப்பது அதுதான்.

சரி, நிஜமான போலீஸ் வந்தால்? வேகம் பிடிக்க நிற்கும் போலீஸ் வண்டியான இன்டர்செப்டரில் வைத்திருப்பது பெரும்பாலும் லேசர் கன். அதன் கதிர் 300 மீட்டர் தூரத்தில்கூட ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலம்தான். நம் வண்டி மேல் பட்டால்தான் டிடெக்டருக்குத் தெரியும். பட்ட அரை நொடிக்குள் வேகம் அவர்கள் கையில் வந்திருக்கும். கருவி கத்துவதும் நாம் பிரேக் மிதிப்பதும் அதற்குப் பிறகு நடக்கும் கதை. கேரளா ஏஐ கேமராவையும் பிடிக்கும் என்று கடையில் சொன்னார்களே, அது சுத்தப் பொய். 2023 ஜூன் 5 முதல் அபராதம் போட ஆரம்பித்த அந்த 726 கேமராக்களில் 675, ஹெல்மெட், சீட் பெல்ட் போன்றவற்றைப் படம் பிடிப்பவை. படம் எடுக்கும் கேமரா ரேடார் அலை எதையும் அனுப்புவதில்லை. வேகம் பார்ப்பவை எட்டே எட்டு, அதிலும் நாலு நடமாடும் வண்டிகள். களியக்காவிளை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத் தினமும் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது கிடைத்த பதில்: "அடிக்குதுல்லா அண்ணே, பின்ன என்ன கம்ப்ளைண்ட்?" அடிக்காமல் இருந்திருந்தால் மாற்றித் தந்திருப்பாராம்! எலக்ட்ரானிக் சாமான் ரிட்டன் கிடையாது என்றார். வாங்கும்போதே பில் கேட்டதற்கு, "பில் போட்டா ஜிஎஸ்டி கூட ஆகும்" என்று சொல்லி எஸ்டிமேட் சீட்டுதான் கொடுத்திருந்தார்கள்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிக நடவடிக்கை. குறைபாடுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே. பில்லில் காலக்கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்தேன். அதில் சமரசம் பேசுவார்கள், கடைக்காரர் ஒத்துவரவில்லை. பிறகு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. பில் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். ஜிபே ரசீது, எஸ்டிமேட் சீட்டு, கடையிலிருந்து வந்த வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ், கரண்ட் போய் வந்தபோது எடுத்த வீடியோ எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

இதற்கு மேலும் வாங்கியே தீருவேன் என்பவர்கள், டெமோவுக்குக் கடைத்தெருவில் ஓட்டாதீர்கள். முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே, கடை கண்ணி இல்லாத இடத்தில் நிறுத்தி, இங்கே ஒரு ஸ்பீட் கன்னைக் காட்டிப் பிடிக்க வையுங்கள் என்று கேளுங்கள். எந்தக் கடைக்காரரும் வரமாட்டார். கூகுள் மேப்ஸ் பல சாலைகளில் வேக வரம்பையும் கேமரா இருக்கும் இடத்தையும் காசில்லாமல் காட்டுகிறது. எங்கள் மாதிரி வண்டிகளுக்கு ஓவர்ஸ்பீட் அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. 6,500-ஐ அதோடு வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆணையத்திலிருந்து நோட்டீஸ் போன பிறகு கடையிலிருந்து போன் வந்தது. பாதிப் பணம் தருகிறோம், மனுவை வாபஸ் வாங்குங்க என்றார்கள். முழுப் பணமும் முறையான பில்லும் தந்தால் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.