பட்டு ரவிக்கைக்கு லைனிங்கும் ஆரிச் சாமானும்: ரத வீதிக் கடைகளில் எதை எடுக்கலாம்?

கல்யாணப் பட்டு ரவிக்கையைத் தானே தைக்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது கல்லும் முத்தும் தொங்குகிற கடையில்தான். முதலில் எடுக்க வேண்டியது லைனிங். கழுத்தில் எவ்வளவு கனம் ஏற்றலாம், கையில் என்ன வேலை செய்யலாம் என்பதெல்லாம் உள்ளே இருக்கிற அந்தச் சாதாரணத் துணியைப் பொறுத்தது. திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளிலும், பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கமும் இருக்கிற மேட்சிங் கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் சாமான்களை வைத்தே இந்த மதிப்பீடு.

லைனிங்கில் முதல் இடம் டூ பை டூ ரூபியா என்கிற பருத்தித் துணிக்குத்தான். பாவு, ஊடை இரண்டிலும் இரட்டை முறுக்கு நூல் போட்டு நெய்வதால்தான் அந்தப் பெயர். மெலிசாக இருக்கும், ஆனால் இழுவைக்கு நிற்கும், வியர்வையை உறிஞ்சும். வைகாசி முகூர்த்தத்தில் ஓமப் புகைக்கு முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுகிற பெண்ணுக்கு இந்த ஊர் வெக்கையில் வேறு எதுவும் இத்தனை சுகம் தராது. ஆனால் அதே பெயரில் டூ பை ஒன்னும் விற்பனைக்கு வருகிறது. கண்டுபிடிப்பது சுலபம். துணியின் ஓரத்திலிருந்து நீளவாக்கில் ஒரு நூல், அகலவாக்கில் ஒரு நூல் உருவுங்கள். விரல் நுனியில் வைத்து முறுக்கைத் தளர்த்தினால் இரண்டும் இரண்டு இழையாகப் பிரிய வேண்டும். ஒன்று பிரியாமல் பஞ்சாக உதிர்ந்தால் அது டூ பை ஒன். அதை நாள்தோறும் போடுகிற ரவிக்கைக்கு வைத்துக்கொள்ளலாம், ஆரி வேலை (கொக்கி ஊசியால் போடுகிற பூத்தையல்) ஏறும் பட்டுக்கு வேண்டாம். உருவிய நூலைத் தீக்குச்சியில் காட்டியும் பாருங்கள். பருத்தி காகிதம் போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் நுனியில் கட்டியாக உருண்டு நிற்கும்.

மல் காட்டன் ரூபியாவை விட மெத்து. உடம்பு முழுக்கப் போட்டால் தையல் ஓரத்தில் விரிந்துவிடும். அக்குளில் மட்டும் பிறை வடிவில் கூடுதலாக ஒரு அடுக்கு வைத்துத் தைக்க அதைப் போல வேறு துணி இல்லை. பட்டு முதலில் கெடுவதும் சாயம் மங்குவதும் அந்த இடத்தில்தான். கால் மீட்டர் வாங்கினால் போதும். பாப்ளின் கனம், பட்டின் குழைவைக் கெடுத்து ரவிக்கையை அட்டை போல நிற்க வைக்கும். சாட்டின், கிரேப், 'பட்டர் சில்க்' என்று கொடுப்பவை பெரும்பாலும் பாலியஸ்டர்தான். பார்க்கப் பளபளப்பு, போட்டால் புழுக்கம். முதுகில் வழுக்கிக்கொண்டே இருப்பதால் ஆழக் கழுத்து வைத்த ரவிக்கை தோளை விட்டு இறங்கும். கவுன் தைத்தால் அதன் பாவாடைப் பகுதிக்கு மட்டும் கிரேப் சரி, காலில் ஒட்டாமல் விழும்.

அளவு: 36 அங்குல மார்பு, குட்டைக் கை என்றால் 36 அங்குல அகல ரூபியா ஒரு மீட்டர். முழங்கை வரை கை வேண்டுமென்றால் ஒன்றேகால் மீட்டர். வெட்டும் முன் கல் உப்பு போட்ட தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறப்போட்டு, பிழியாமல் நிழலில் உலர்த்தி இஸ்திரி போட வேண்டும். இதை விட்டுவிட்டால் முதல் நனைப்பில் லைனிங் சுருங்கும், பட்டு சுருங்காது, டாட் (உடல் வளைவுக்காகப் பிடித்துத் தைக்கிற மடிப்பு) இருக்கிற இடமெல்லாம் கொப்புளம் போலப் புடைத்துக்கொள்ளும். கழுத்து விளிம்பில் உருண்டையாகத் தைக்கிற பைப்பிங்குக்குள் வைக்கிற நூல் கயிற்றையும் கூடவே ஊறப்போடுங்கள். கழுத்து பின்னாளில் சுருக்கம் சுருக்கமாக நிற்பதற்குப் பல நேரம் காரணம் அந்தக் கயிறுதான்.

அரக்கு, கரும்பச்சை, ராமர் நீலம் லைனிங் வாங்கினால் ஒரு மூலையை நனைத்து, வெள்ளைக் கைக்குட்டைக்குள் மடித்து, மேலே சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுங்கள். கைக்குட்டையில் நிறம் இறங்கினால் அந்தத் துணி பட்டுக்கு ஆகாது. நிறப் பொருத்தம் பார்ப்பதைக் கடை விளக்கில் முடித்துவிடாதீர்கள். பட்டையும் லைனிங்கையும் வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் பாருங்கள். முகூர்த்த மாதங்களில் காலையிலேயே போனால் கடைக்காரர் முகம் சுளிக்காமல் அனுப்புவார்.

பாளையங்கோட்டை தேவாலயக் கல்யாணங்களுக்கு வெள்ளைப் பட்டு தைக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. 'ஹாஃப் ஒயிட்' பட்டுக்குப் பளிச்சென்ற வெள்ளை லைனிங் கொடுத்தால், மேலே பட்டு அழுக்கடைந்தது போலவும் மடிப்புகளில் நீலம் பாய்ந்தது போலவும் தெரியும். சந்தன நிறமோ, தோல் நிறத்துக்குக் கிட்டத்தில் வருகிற பிஸ்கட் நிறமோ எடுத்தால் தையல் ஓரங்கள் வெளியே நிழலாடாது.

இனி வேலைப்பாட்டுச் சாமான். இதில் பணம் வீணாவது அதிகம்.

கண்ணாடி சுகர் பீட்ஸ் (பொடி மணி) நல்ல பொருள். இஸ்திரிச் சூட்டுக்கு அசையாது. பிளாஸ்டிக் மணி உள்ளங்கையில் கனமே தெரியாமல் கிடக்கும், சூடு பட்டால் இளகும். குழாய் வடிவக் கட் பீட்ஸ் அழகு, ஆனால் வெட்டின விளிம்பு நூலை அறுக்கும். அதற்கு இரட்டை நூல், மூன்று நான்கு மணிக்கு ஒரு முடிச்சு என்று போட்டால்தான் ஒன்று அறுந்தாலும் மொத்தமும் கொட்டாது. பூச்சு முத்தை டிரை கிளீனிங்குக்குக் கொடுத்தால் தோல் உரிந்து வரக்கூடும். கையில் ரெண்டை வைத்து நகத்தால் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள்.

அடி தட்டையான குந்தன் கல்லை வெறும் பசையில் ஒட்டி விடுவதை நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம். மெல்லிய பட்டில் பசை ஊறி, கல்லைச் சுற்றி எண்ணெய்க் கறை போல ஒரு வளையம் விழும். ஒட்டுவது பிடிப்புக்கு, கல்லைச் சுற்றி ஜரி நூலால் சங்கிலித் தையல் போடுவது காவலுக்கு; இரண்டும் வேண்டும். ஒட்டிய பிறகு ஒரு நாள் முழுக்க அசையாமல் காய வேண்டும். ஜர்தோசிச் சுருள் (ஸ்பிரிங் போலச் சுற்றிய உலோகக் கம்பி) பட்டுக்குக் கொடுக்கிற கம்பீரத்தை வேறெதுவும் கொடுக்காது. ஆனால் சென்ட்டும் வியர்வையும் பட்டால் கறுக்கும், ஆகவே அக்குளுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

ரெடிமேட் கழுத்துப் பேட்ச் நெட் துணியில் வருகிறது. உங்கள் கழுத்து அளவுக்கு அது வளையாது, விளிம்பு தோலை உரசும். கைக்கு வைத்துத் தைத்தால் குறை தெரியாது. கையில் வைக்க ஜரி லேஸ் என்றால் 11 அங்குலக் கைச் சுற்றுக்கு, மடிப்பும் சேர்த்து இரண்டு கைக்கும் முக்கால் மீட்டர் பிடிக்கும். ஒரு மீட்டராக வாங்குவது நல்லது.

செய்முறையில் வரிசை மாறினால் நல்ல சாமானும் கெட்டுப்போகும். பட்டில் ஊசி போன தடம் மறையாது. அதனால் முதலில் லைனிங்கை மட்டும் மூட்டி, போட்டுப் பார்த்து, தோளும் டாட்டும் சரிசெய்து, பிரித்து, அதையே அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டை வெட்டாமல் முழுத் துணியாகச் சட்டத்தில் கட்டித்தான் ஆரி போட வேண்டும். வேலை முடிந்ததும் துணி எல்லாப் பக்கமும் கொஞ்சம் இழுத்துக்கொண்டிருக்கும். அப்போது லைனிங் அச்சை மேலே வைத்துத் திரும்ப வரைந்து வெட்டுங்கள். முன்னாலேயே வெட்டிவிட்டு ஆரி போட்டால் கழுத்து ஒரு பக்கம் சிறுத்துப்போகும். மணிகள் தையல் கோட்டுக்குக் கால் அங்குலம் முன்னாலேயே நிற்கட்டும், இல்லையென்றால் மிஷின் காலடியில் நொறுங்கும். மிஷினில் ஜிப் ஃபுட் (ஜிப் தைக்கிற ஒடுக்கமான காலடி) மாட்டினால் அந்த ஓரத்தில் தைக்க வசதி. ஆரித் தையல் ஒரே சங்கிலி. பின்பக்கத்து நூல் வால் ஒன்றை இழுத்தால் வரிசையே உருவிக்கொண்டு வரும். துணியைத் திருப்பி ஒவ்வொரு வாலும் முடிச்சில் முடிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே லைனிங்கை மேலே மூடுங்கள்.

இரண்டையும் சேர்க்கும்போது லைனிங் ஒரு நூலளவு இறுக்கமாகவும் பட்டு ஒரு நூலளவு தளர்வாகவும் இருக்க வேண்டும். கையைத் தூக்கினால் இழுவையை லைனிங் வாங்கிக்கொள்ளும். மாறிப்போனால் பக்கத் தையலில் பட்டின் இழை நகர்ந்து, ஜன்னல் போலத் திறந்துகொள்ளும். மிஷின் ஊசி 11 நம்பர். 14 போட்டால் ஓட்டை தெரியும். குண்டூசி குத்துவதைத் தையலுக்கு வெளியே விடுகிற துணியில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் ஒன்றரை அங்குலம் உள்ளே விட்டால் பின்னால் பிரித்துப் பெரிதாக்கலாம்.

இஸ்திரி பின்பக்கத்தில், மிதமான சூட்டில், தண்ணீர் தெளிக்காமல். முதுகில் கட்டுகிற நாடாவுக்குக் கனமான குஞ்சம் வாங்கினால் பின் கழுத்துக்கு உள்ளே கேன்வாஸ் பட்டை கட்டாயம், இல்லாவிட்டால் கழுத்து இறங்கி லைனிங் எட்டிப் பார்க்கும். கல்யாணம் முடிந்ததும் நிழலில் காற்றாட விட்டு, உள்பக்கம் வெளியே வருமாறு மடித்து, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பையும் பாச்சை உருண்டையும் ஜரிகைக்கு ஆகாது. மிச்சமான பட்டுத் துண்டில் பத்து மணி, நாலு கல், ஒரு முழம் ஜரி நூல் முடிந்து கூடவே போட்டுவையுங்கள். உதிர்ந்த கல்லுக்கு அதே நிறம் தேடி இன்னொரு முறை ரத வீதி முழுக்க அலைய வேண்டியிருக்காது.