லண்டன் போகும் குடும்பங்களுக்கு: அந்த ‘4 நாள் ஃபேமிலி பாஸ்’ வேண்டாம், 31,600 ரூபாய் போச்சு

31,600 ரூபாய். பெரியவர்கள் இரண்டு பேர், 9 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள், நான்கு நாள், ரயில் கட்டணத்துக்காக லண்டனைப் பிரித்திருக்கும் மண்டலங்களில் 1 முதல் 6 வரை எல்லாம், எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். இப்படிச் சொல்லி விற்றது வெளிநாட்டுச் சுற்றுலா டிக்கெட் விற்கும் ஒரு ஆப். கைக்கு வந்தது நான்கு ஆய்ஸ்டர் கார்டு (பணம் ஏற்றி லண்டன் ரயிலிலும் பஸ்ஸிலும் பயன்படுத்தும் கார்டு), நான்கிலும் சேர்த்து 20 பவுண்டு. பணம் திரும்பாது என்று நேற்றுதான் கடைசிப் பதில் வந்தது. விடுமுறைக்கு டிக்கெட் போட்டு வைத்திருப்பவர்கள் இன்னொரு முறை ஏமாறக் கூடாது, அதனால் இன்றைக்கே எழுதுகிறேன்.

முதல் விஷயம், லண்டனில் நான்கு நாள் பாஸ் என்று ஒன்று கிடையவே கிடையாது. டிராவல்கார்டு என்ற பாஸ் ஒரு நாளைக்கு உண்டு, ஏழு நாளைக்கு உண்டு, மாதத்துக்கும் வருடத்துக்கும் உண்டு. நான்கு நாளுக்கு இல்லை. இல்லாத பொருளுக்குப் படம் போட்டு, விலை போட்டு விற்கிறார்கள்.

நம்பிய இடம் அவர்களுடைய சாட். பிள்ளைகளுக்கும் பாஸ் எடுக்க வேண்டுமா என்று கேட்டதற்கு, “கட்டாயம் சார், இல்லாமல் பிடிபட்டால் ஆளுக்கு 100 பவுண்டு அபராதம்” என்று பதில். அந்த 100 பவுண்டு உண்மை. 2024 மார்ச்சில்தான் 80-ஐ 100 ஆக்கினார்கள், 21 நாளுக்குள் கட்டினால் பாதி. தேடிப் பார்த்தால் அந்த எண் சரியாக இருக்கிறது, ஆகவே சொன்ன மற்றதும் சரியாக இருக்கும் என்று தோன்றிவிடுகிறது. சரியில்லை. 11 வயதுக்குக் கீழே இருந்தால் டியூப் என்கிற சுரங்க ரயில், டிஎல்ஆர், ஓவர்கிரவுண்ட், எலிசபெத் லைன் என்கிற மற்ற நகர ரயில்கள் எல்லாவற்றிலும் கட்டணம் செலுத்தும் ஒரு பெரியவரோடு நான்கு பிள்ளைகள் வரை இலவசம். சிவப்புப் பஸ்ஸிலும் இலவசம். அந்த 31,600-இல் 9,800 ரூபாய் பிள்ளைகள் கணக்கில் வாங்கியது. ஊரே இலவசமாகக் கொடுப்பதற்கு 9,800!

பாஸ் நேரடியாக வரவில்லை, ஒரு வவுச்சர் வந்தது. அதை லண்டன் ஊருக்குள்ளே ஒரு கடையில் கொடுத்துக் கார்டு வாங்க வேண்டும். பெரிய ரயில் நிலையத்துக்கு அடுத்த தெருவில் சூட்கேஸும் சிம் கார்டும் விற்கிற சின்னக் கடை. ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து அங்கே போகிற செலவு பாஸில் அடங்காது. பிக்காடிலி லைன் டியூப் ரயிலில் பேங்க் கார்டை டேப் பண்ணித்தான் போனோம். கடைக்காரர் நான்கு கார்டை எண்ணிக் கொடுத்து, “பிள்ளைகள் கார்டை டேப் பண்ணாதீர்கள், அகலமான கேட் வழியாக உங்களோடு கூட்டிப் போங்கள்” என்றார். அக்கறையாகச் சொன்னது போலத்தான் இருந்தது. டேப் பண்ணியிருந்தால் கேட் திறந்திருக்காது, குட்டு அப்போதே வெளிப்பட்டிருக்கும்.

இரண்டாம் நாள் காலையில் பெரியவர்கள் கார்டுக்கே சிவப்பு விளக்கு. நிலைய ஊழியர் அதை டிக்கெட் மெஷினில் இருக்கும் மஞ்சள் வட்டத்தில் வைத்துக் காட்டினார். பாஸ் எதுவும் ஏற்றப்படவில்லை. ஏறி இறங்கக் கழியும் சாதாரண இருப்பு மட்டும், கார்டுக்கு 10 பவுண்டு. முதல் நாள் அதில் 8.90 போய், மீதி 1.10. பிள்ளைகள் கார்டில் பூஜ்யம். ஒரு கார்டில் நாங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே யாரோ போய் வந்த பயணங்கள் வரிசையாகத் தெரிந்தன. யாரோ விட்டுப்போன பழைய கார்டு!

அந்த 8.90 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இந்த மோசடியின் அளவு புரியும். லண்டனில் ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்க மாட்டோம் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. 2025 கட்டணப்படி 1-2 மண்டலங்களுக்குள் அது 8.90 பவுண்டு. காலை 4.30-லிருந்து மறுநாள் 4.29 வரை ஒரு நாள் கணக்கு. முக்கியமான இடங்கள் பெரும்பாலும் இந்த இரண்டு மண்டலத்துக்குள் அடங்கிவிடும். அதே 2025 கட்டணப்படி பஸ் மட்டும் என்றால் ஒரு முறைக்கு 1.75, ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ் மாறினால் மறுபடி பிடிக்காது, நாள் முழுக்கச் சுற்றினாலும் 5.25. எந்தப் பாஸும் வேண்டாம். இங்கிருந்து கொண்டுபோகும் விசா, மாஸ்டர்கார்டு பேங்க் கார்டுகளுக்கும் இதே கட்டணம், இதே வரம்பு. வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் மட்டும் கூடும். இரண்டு பேருக்கு நான்கு நாள் 71.20 பவுண்டு, சுமார் 8,200 ரூபாய். வாங்கியது 31,600.

கேட்டால் ஆப் சொல்கிறது, “வவுச்சர் ரீடீம் ஆகிவிட்டது சார், கடையைக் கேளுங்கள்.” கடைக்காரர், “நான் கார்டை எடுத்துக் கொடுப்பவன், அவ்வளவுதான்” என்று கையை விரித்தார். மறுபடி ஆப்பில் 72 மணி நேரம் பொறுக்கச் சொன்னார்கள். 72 மணி நேரம் முடிந்ததும் புகார் தானாக மூடப்பட்டது. திரும்பத் திறந்தால் புது எண், புது ஆள், முதலிலிருந்து எல்லாம் சொல்ல வேண்டும். நான்கு முறை. கடைசியில் ‘நல்லெண்ணமாக’ அடுத்த பயணத்துக்கு 500 ரூபாய் கூப்பன். 31,600-க்கு 500!

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சில. கிளம்பும் முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாடு, கான்டாக்ட்லெஸ் இரண்டையும் ஆன் செய்யுங்கள். 2020 ரிசர்வ் வங்கி விதியால் புதிதாகத் தரும் கார்டில் இரண்டும் அணைந்தே இருக்கும். ஆளுக்கு ஒரு கார்டு, ஒன்றில் இரண்டு பேர் போக முடியாது. காலையில் கார்டு, மாலையில் அதே கணக்கின் போன் என்று மாற்றாதீர்கள், வரம்பு தனித்தனியாக ஓடும். ரயிலில் இறங்கும்போதும் டேப் பண்ண வேண்டும், பஸ்ஸில் ஏறும்போது மட்டும். டிஎல்ஆரில் பல நிலையங்களில் கேட்டே இல்லை. அங்கேயும் டேப் பண்ணாவிட்டால் அதிகபட்சக் கட்டணம் பிடிக்கும். பஸ்ஸில் 2014-லிருந்து ரொக்கம் வாங்குவதில்லை. 11 முதல் 15 வயதுப் பிள்ளை இருந்தால் டியூப் நிலையத்தில் ஊழியரிடம் கேட்டு, அவர்கள் ஆய்ஸ்டரில் யங் விசிட்டர் சலுகை ஏற்றுங்கள், 14 நாளுக்குப் பாதிக் கட்டணம். பிள்ளையும் கூட இருக்க வேண்டும். ஏற்கெனவே எங்காவது கார்டு வாங்கியிருந்தால் அந்த இடத்தை விட்டு நகரும் முன் பக்கத்து நிலைய மெஷினில் வைத்து இருப்பைப் பாருங்கள், திரையைப் படம் எடுங்கள். எங்கள் வங்கியில் போட்ட புகாரில் முதலில் கேட்டதே அந்தப் படத்தைத்தான்.