என்ஹான்சரைச் சோதிக்க: லூசிஃபெரேஸா, கிரிஸ்பரா?

ஒரு டி.என்.ஏ. துண்டு உண்மையிலேயே ஜீனை முடுக்கிவிடும் என்ஹான்சர்தானா? பெங்களூரு ஆய்வகங்களுக்கு வரும் நம் மாணவர்கள் இதைச் சோதிக்க இரண்டு வழிகள் உண்டு.

லூசிஃபெரேஸ் (ஒளி உண்டாக்கும் நொதி) முறை எளிது. சில நூறு எழுத்து நீளத் துண்டை பிளாஸ்மிடில் (வட்டமான சிறு டி.என்.ஏ.) லூசிஃபெரேஸ் ஜீனின் மினிமல் புரோமோட்டருக்கு (தனியாக ஜீனை மிகக் குறைவாகவே இயக்கும் தொடக்கப் பகுதி) முன்னால் ஒட்டி, செல்லுக்குள் செலுத்தி, 24 முதல் 48 மணி நேரம் கழித்து ஒளியை அளக்கலாம். கூடவே ரெனில்லா என்ற வேறொரு லூசிஃபெரேஸைத் தரும் பிளாஸ்மிடும் கொஞ்சம் போட வேண்டும். முதல் பிளாஸ்மிடின் ஃபயர்ஃப்ளை (மின்மினி) லூசிஃபெரேஸ் அளவை ரெனில்லா அளவால் வகுத்தால்தான் செல் வளரும் தட்டில் குழிக்குக் குழி மாறும் செலுத்தல் வேறுபாடு அடிபடும். ரீஏஜென்ட் அறை வெப்பநிலைக்கு வரும் முன் அளந்துவிடாதீர்கள். ஒளி குறைத்துக் காட்டும். இந்தத் துண்டால் முடுக்க முடியுமா என்பதற்கு மட்டுமே இதில் விடை. எந்த ஜீனை என்று தெரியாது.

அதற்கு டி.என்.ஏ.வை வெட்டும் கிரிஸ்பர்தான். துண்டின் இருபுறமும் கைடு ஆர்.என்.ஏ. (வெட்டும் இடத்தைக் காட்டுவது) வைத்து வெட்டி, ஒற்றைச் செல்லிலிருந்து குளோன் வளர்த்து, பி.சி.ஆரில் (குறிப்பிட்ட டி.என்.ஏ. பகுதியைப் பெருக்கும் முறை) பார்க்க வேண்டும், மாதக்கணக்கான வேலை. சிறிய பட்டை மட்டும் வந்தால் இரு பிரதியும் போய்விட்டதென்று நம்பிவிட வேண்டாம். ஒரு பிரதியில் வெட்டு நீண்டு பி.சி.ஆரைத் தொடங்கும் பிரைமர் ஒட்டும் இடத்தையே தின்றிருக்கலாம். அப்போது அந்தப் பிரதி பி.சி.ஆரில் தெரியாது. பிறகு ஜீனின் ஆர்.என்.ஏ.வை க்யூ.பி.சி.ஆரில் (அளவு காட்டும் பி.சி.ஆர்.) அளக்கலாம்.

இசட்.ஆர்.எஸ். என்ஹான்சரைப் பாருங்கள். கை கால் வளர்ச்சிக்குத் தேவையான எஸ்.எச்.எச். ஜீனிலிருந்து ஏறத்தாழ 10 லட்சம் எழுத்து தள்ளி, வேறொரு ஜீனின் இன்ட்ரானுக்குள் (புரதக் குறியீடு இல்லாத இடைப்பகுதி) கிடக்கிறது. அதை நீக்கிய எலிகளுக்குக் கால்களின் நுனிப்பகுதி சரியாக உருவாகவில்லை. எந்த பிளாஸ்மிடும் இதைக் காட்டியிருக்காது.

நீக்கியும் மாற்றமே இல்லையென்றால் துண்டைக் கைவிடாதீர்கள். பக்கத்தில் இன்னொரு என்ஹான்சர் ஈடுகட்டிக்கொண்டிருக்கலாம்.