ரோஸ் ஹில்லில் எங்கள் வங்கிக் கிளை: இரண்டு ஊரடங்கு பார்த்தவள் எழுதுவது

வங்கியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில், பிளாஸ் மார்ஜியோ பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள கிளை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடத்துக்கு மேலாக எனக்கு அங்கே கணக்கு. தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்த காலமெல்லாம் சம்பளம் அங்கேதான் வந்தது. இப்போது என் பென்ஷனும் அம்மாவின் பென்ஷனும் வருகின்றன. மொரீஷியஸுக்கு வேலைக்கு வரும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் "எந்த வங்கியில கணக்கு தொடங்கலாம் ஆன்ட்டி?" என்று கேட்கிறார்கள். வட்டியும் கட்டணமும் யாரும் சொல்லிவிடலாம். கொரோனா காலத்தில் ஊரே அடைந்து கிடந்தபோது ஒரு கிளை எப்படி நடந்துகொண்டது என்பதைக் கூட இருந்து பார்த்தவர்கள்தான் சொல்ல முடியும்.

2020 மார்ச் 18 இரவு நாட்டின் முதல் மூன்று கொரோனா நோயாளிகளை அரசு அறிவித்தது. 20ஆம் தேதி காலையிலிருந்து கொன்ஃபின்மான், அதாவது ஊரடங்கு. இங்கே எல்லாரும் சொல்கிற சொல் இதுதான். 24 முதல் 31 வரை சூப்பர்மார்க்கெட், பேக்கரி எல்லாமே மூடல். மருத்துவமனை, போலீஸ், தீயணைப்பு இவற்றோடு சேர்த்து இயங்க அனுமதித்தவற்றில் வங்கியும் ஒன்று. ஏப்ரல் 2இல் கடைகளைத் திறந்தபோது குடும்பப்பெயரின் முதல் எழுத்தை வைத்து நாள் பிரித்தார்கள். எங்கள் பெயர் 'வி'யில் தொடங்குகிறது; புதனும் சனியும் எங்களுக்கு. செவ்வாய்க்குள் கையில் காசு இருந்தால்தான் புதன்கிழமை அரிசி, பருப்பு.

எங்கள் தெரு முனை தபாஜிக்காரர், அதாவது பெட்டிக்கடைக்காரர், கார்டு வாங்கமாட்டார், ரொக்கம்தான். நானோ ஏடிஎம்முக்குப் போனால் ஆயிரமும் இரண்டாயிரமுமாகத்தான் வந்தது. இரண்டு ரொட்டிக்கும் ஒரு பால்மாவு பாக்கெட்டுக்கும் இரண்டாயிரம் ரூபாயை நீட்டினால் அவர் சில்லறைக்கு எங்கே போவார்? இயந்திரத்தில் ஒருநாள்கூட காசு தீரவில்லை, அதைப் பாராட்டுகிறேன். ஆனால் மூன்று வாரம் அதில் நூறு, இருநூறு நோட்டைக் கண்ணால் பார்க்கவில்லை. எந்த நோட்டை எவ்வளவு அடுக்குவது என்று தீர்மானிக்கிற இடத்தில் தபாஜியில் சாமான் வாங்குகிற ஒருவர் இருந்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

நோட்டைப் பற்றி இன்னொன்று. நோட்டிலும் கிருமி இருக்கும் என்று யாரோ சொல்ல, அம்மா எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டார். இருபத்தைந்து, ஐம்பது, ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் 2013இலிருந்து பாலிமரில் வருகின்றன. அவை துடைத்ததும் பளபளவென்று நின்றன. நூறு ரூபாய் நோட்டு காகிதம். அதில் இருக்கிற மொரீஷியஸ் தமிழ்த் தலைவர் ரங்கநாதன் சீனிவாசன் முகம் சுருங்கிப்போய்க் கொடியில் காய்ந்தது. "நம்ம ஆள் முகத்தைக் கெடுத்துட்டேனே" என்று அம்மா அன்று முழுக்க வருத்தப்பட்டார். அம்மாவுக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் படிக்கத் தெரியாது. நோட்டில் 'நூறு ரூபாய்' என்று தமிழில் இருப்பதை எழுத்துக்கூட்டிப் படிப்பார். 1998இல் புது நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளி அச்சடித்தபோது நம் மக்கள் கொதித்தெழுந்ததும், அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றதும் இங்கே எல்லாத் தமிழ் வீட்டுக்கும் தெரியும்.

அப்படிப்பட்ட அம்மாவுக்கு வங்கி அனுப்பிய செய்தி என்ன தெரியுமா? "கிளைக்கு வராதீர்கள், ஆப்பைப் பயன்படுத்துங்கள்." ஆங்கிலத்தில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று. ஆப்பிலும் அந்த இரண்டு மொழிதான். அதில் பதிவு செய்ய வங்கியில் கொடுத்த கைபேசி எண் சரியாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு இருந்தது இறந்துபோன அப்பாவின் பழைய எண். எண்ணை மாற்றக் கிளைக்கு நேரில் வர வேண்டும். கிளைக்கு வராமலிருக்க ஆப், ஆப்புக்காகக் கிளை! தொலைபேசி உதவி எண்ணில் ஒரு முறை நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டேன், பிறகு இணைப்பே அறுந்துவிட்டது. அம்மாவின் ஒன்பதாயிரம் ரூபாய் பென்ஷன் கணக்கில் சரியான நாளில் வந்து விழுந்துவிட்டது. அதை எடுக்கத்தான் வழியில்லை, அவருக்கு கார்டும் கிடையாது. எனக்கு அழுகையே வந்தது.

கடைசியில் நடந்தே போனேன். வாசலில் காவலாளி, கையில் கிருமிநாசினி பாட்டில். தரையில் ஒரு மீட்டருக்கு ஒரு மஞ்சள் கோடு. உள்ளே ஒரே நேரத்தில் நான்கு பேர்தான். ஆறு கவுன்டரில் இரண்டு மட்டும் திறந்திருந்தன. வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். முன்னால் நின்ற கிழவர் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார், ஒரு நாற்காலி இல்லை.

என் முறை வந்தபோது கண்ணாடிக்குப் பின்னாலிருந்து "மிஸ்!" என்று ஒரு குரல். முகக்கவசத்துக்கு மேல் கண்ணை மட்டும் பார்த்து நான் அடையாளம் கண்டுகொள்ளவில்லை; என்னிடம் நான்காம் வகுப்பில் தமிழ் படித்த பெண். அவள் சொல்லித்தான் உள்விவரம் தெரிந்தது. ஊழியர்களை இரண்டு அணியாகப் பிரித்து வாரம் விட்டு வாரம் வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு அணியில் யாருக்காவது நோய் வந்தால் அந்த அணி முழுக்க வீட்டில் இருக்கும், மற்ற அணி கதவைத் திறக்கும். இரு அணியும் ஒருவரையொருவர் பார்க்கக்கூடாது, சாவிகூட உறையில் போட்டுத்தான் கைமாறும். ஆறு கவுன்டரில் நான்கு ஏன் மூடியிருந்தன என்ற என் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. இதை ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டியிருந்தால் வரிசையில் நின்ற எல்லாருக்கும் இறங்கியிருக்கும்.

அம்மா கையெழுத்துப் போட்ட கடிதத்தையும் அடையாள அட்டையையும் பார்த்து, வீட்டுத் தொலைபேசியில் அம்மாவிடமே இரண்டு கேள்வி கேட்டு, அவள் பணத்தைக் கொடுத்தாள். நூறு ரூபாய் நோட்டாக. சார்வரி வருடப்பிறப்பன்று கோயிலுக்குப் போக முடியாவிட்டாலும் பாயசத்துக்குச் சேமியா வாங்கியது அந்தக் காசில்தான்.

கடன் விஷயத்தில் இந்தக் கிளைக்கு முழு மதிப்பெண். தம்பி டாக்ஸி ஓட்டுகிறான், விமான நிலையம் அடைத்ததும் வருமானம் பூஜ்யம். வீட்டுக்கடனின் அசலை ஆறு மாதம் தள்ளிக் கட்டலாம் என்று மொரீஷியஸ் மத்திய வங்கி ஏற்பாடு செய்திருந்தது. குடும்பத்தின் மாதச் சம்பளம் ஐம்பதாயிரத்துக்குள் இருந்தால் ஏப்ரல் முதல் ஜூன் வரை வட்டியையும் மத்திய வங்கியே ஏற்றுக்கொண்டது. எங்கள் கிளை அதிகாரி தம்பியைத் தானாகவே கூப்பிட்டு, "அசல் தள்ளிப்போகிறது, தள்ளுபடி ஆகவில்லை, ஜூனுக்குப் பிறகு வட்டி ஓடும், தவணைக்காலம் நீளும்" என்று எங்கள் பேச்சுமொழியான கிரியோலில் பொறுமையாக விளக்கினார். கையில் கொஞ்சம் இருந்தால் வட்டியையாவது கட்டிவாருங்கள் என்றும் சொன்னார். ஏப்ரல் 16இல் மத்திய வங்கி, மற்ற வட்டிகளுக்கு அடிப்படையான ரெப்போ விகிதத்தை 2.85இலிருந்து 1.85 சதவீதமாக இறக்கியபோது என் சேமிப்பு வட்டி குறைந்ததை மட்டும் யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. கணக்கு விவரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

2021 மார்ச் 10இல் இரண்டாவது கொன்ஃபின்மான். இந்த முறை மூன்றாம் நாளே கிளையிலிருந்து அம்மாவுக்குப் போன். வயதானவர்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு வரிசையாகக் கூப்பிட்டார்களாம். யார் பணம் எடுக்க வருவார்கள், எந்த நாள், எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். நான் போய் நின்று பத்து நிமிடத்தில் திரும்பினேன். முதல் மணி நேரம் முதியவர்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். முதல் வருடம் ஒரு பெண் தன் மனசால் செய்ததை அடுத்த வருடம் கிளையே செய்தது.

ஆப் வேகமானது, பணம் நொடியில் போய்ச் சேருகிறது, இளையவர்களுக்கு இது போதும். கணக்கைத் தாராளமாகத் தொடங்குங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கைபேசி எண்ணை இன்றே சரிபார்த்து, உங்களுக்கு அதிகாரம் தரும் கடிதத்தையும் இப்போதே கொடுத்து வையுங்கள். வாசலில் நிழலும் நான்கு நாற்காலியும் வேண்டும் என்று மேலாளரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். நிழலுக்கு ஒரு தகரக்கூரை வந்துவிட்டது. நாற்காலி இன்னும் வரவில்லை.