ரிசப்ஷனுக்கு ஷூ வாங்கப் போகிறவர்கள் பெட்டி மேல் இருக்கும் ஸ்டிக்கரைக் கிள்ளிப் பாருங்கள்

போன தை மாதம் தங்கையின் ரிசப்ஷன். இரவு எட்டு மணி இருக்கும், மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துக்கொண்டு மேடைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். சிவப்புக் கம்பளத்தில் நான் போன வழியெல்லாம் கறுப்பாகத் துண்டு துண்டாக ஏதோ கிடந்தது. சித்தப்பா மகன் குனிந்து ஒன்றை எடுத்தான். அழுத்தியதும் பொடிந்து விரலில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. "அண்ணா, உன் ஷூல இருந்துதான் உதிருது" என்றான்.

காலைத் தூக்கிப் பார்த்தேன். வலது குதிகாலில் பாதியைக் காணோம். இடது சோல் முன்பக்கம் வாய் பிளந்து தொங்கியது. 4,800 ரூபாய் கொடுத்து வாங்கி அன்றைக்குத்தான் முதல் தடவை போட்டிருந்தேன். தாய்மாமா எதுவும் கேட்காமல் தன் ஷூவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மண்டபத்துச் செருப்பைப் போட்டுக்கொண்டார். அவருக்கு ஒன்பது, எனக்கு எட்டு. முன்னால் பேப்பர் நாப்கினைத் திணித்துக்கொண்டு மேடை ஏறினேன். அப்பா இல்லாத வீட்டில் நான்தான் முன்னால் நிற்க வேண்டிய நாள் அது. அதனால்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். இன்னொருவர் வீட்டு விசேஷத்தில் இது நடக்கக் கூடாது.

வாங்கியது சென்னையில், ஆண்களுக்கான உடை, ஷூ எல்லாம் ஒரே இடத்தில் விற்கும் ஒரு கடையில், ரிசப்ஷனுக்கு மூன்று வாரம் முன்பு. எனக்குத் தேவை இதுதான்: ரிசப்ஷனுக்கும் ஆகணும், பிறகு ஆஃபீஸில் கிளையண்ட் மீட்டிங், இன்டர்வியூ எல்லாவற்றுக்கும் அதே ஷூ, அதே கோட் போட்டுப் போகணும். சேல்ஸ்மேன் நன்றாகப் பேசினார். "சார், இது ஆம்பூர் எக்ஸ்போர்ட் பீஸ், ப்யூர் லெதர்" என்று சொல்லி லைட்டரைப் பற்ற வைத்து ஷூ மேல் ஒரு நொடி காட்டினார். கருகவில்லை. நானும் நம்பினேன். கோட் சூட் 13,000, ஷூ 4,800, பெல்ட்டும் டையும் 1,700. மொத்தம் 19,500. பில் கேட்டதற்கு, "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும் சார், எஸ்டிமேட் தர்றேன்" என்று கடைப் பெயர் இல்லாத ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். ஜிபேயில் பணம் அனுப்பினேன்.

ரிசப்ஷன் முடிந்த மூன்றாம் நாள் கடைக்குப் போனேன். "ஈரத்துல நடந்திருப்பீங்க", "ரஃப்பா யூஸ் பண்ணிட்டீங்க" என்று இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். ஏசி மண்டபத்தில் கம்பளத்தின் மேல் மூன்று மணி நேரம் நடந்த ஷூ அது. கடைசியில் சுவரில் இருந்த போர்டைக் காட்டினார்கள்: விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.

எங்கள் தெரு முனையில் செருப்பு தைக்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்தவர். அவரிடம் கொண்டு போனேன். ஷூவைக் கையில் வாங்கியதுமே, "தம்பி, இது போட்டு போனதில்ல, வெச்சு போனது" என்றார்.

அவர் சொன்னதைப் பிறகு நான் படித்தும் தெரிந்துகொண்டேன். இந்த மாதிரி எடை குறைவான, நுரை போன்ற சோல் பாலியூரித்தேன், கடைக்காரர்கள் சொல்கிற பி.யு. அந்த வகையில் நிறைய சோல்கள் காற்றில் இருக்கும் ஈரத்தோடு மெல்ல மெல்லச் சேர்ந்து சிதைந்துவிடும். போட்டாலும் சிதையும், பெட்டியில் பூட்டி வைத்தாலும் சிதையும். சில வருஷம் கிடந்தால் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே செத்துப் போயிருக்கும். சென்னை போலக் கடலோர ஊரில், வெயிலும் ஈரமும் சேர்ந்த குடோனில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். இதில் நம் ஊர் ஆண்களுக்குத்தான் ஆபத்து அதிகம். முகூர்த்தத்துக்கு வேட்டி, வெறுங்கால். ஷூ என்றால் ரிசப்ஷன், இன்டர்வியூ என்று வருஷத்துக்கு நாலு நாள். மற்ற நாளெல்லாம் அலமாரியில்தான் கிடக்கும். அப்படிக் கிடக்கிற ஷூவுக்கு பி.யு. சோல் ஆகவே ஆகாது. ரப்பர் சோலுக்கும், டிபிஆர் என்கிற ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக் சோலுக்கும் இந்த நோய் இல்லை.

"பெட்டி இருக்கா தம்பி?" என்று கேட்டார். வீட்டுக்கு ஓடிப் போய் எடுத்து வந்தேன். விலையும் மாதமும் அச்சிட்ட ஸ்டிக்கரின் ஒரு மூலையை நகத்தால் கிள்ளினார். அது தனியாக உரிந்து வந்தது. அடியில் இன்னொரு ஸ்டிக்கர். மேலே இருந்தது போன வருஷத் தேதி. அடியில் இருந்தது அதற்கும் ஐந்து வருஷம் முந்தைய தேதி, விலையும் அதில் குறைவு. சோல் உதிர்ந்ததில் வராத கோபம் எனக்கு அப்போதுதான் வந்தது. சரக்கு கெட்டது என்று தெரியாமல் விற்றிருந்தால் ஒரு பேச்சு. இது தெரிந்தே ஒட்டியது.

அப்புறம் சோலின் ஓரத்தில் ஓடிய வெள்ளைத் தையலைக் காட்டினார். நான் அதைப் பார்த்துத்தான் தைத்த ஷூ என்று நினைத்திருந்தேன். ஊசி முனையால் நிமிண்டினார், நூல் எழும்பவில்லை. தையல் மாதிரியே அச்சில் வார்த்த பிளாஸ்டிக். உண்மையில் சோல் பசையில் மட்டும்தான் நின்றிருந்தது. நாக்குப் பகுதியைப் புரட்டி, வெட்டிய ஓரத்தைப் பார்க்கச் சொன்னார். மேலே மெல்லிய பிளாஸ்டிக் தோல், அடியில் நெய்த துணி. தோலாக இருந்தால் வெட்டிய ஓரத்தில் நார் நாராகத் தெரியும், துணி தெரியாது. லைட்டர் விஷயத்தைச் சொன்னேன். "ஒரு நொடி காட்டினா எதுக்கும் ஒண்ணும் ஆகாது தம்பி" என்றார்.

பக்கத்திலேயே மாமாவின் ஷூவை வைத்துக் காட்டினேன். பதினோரு வருஷ ஷூ, இரண்டு முறை சோல் மாற்றியது. கறுப்பு, மூக்கு ரொம்பக் கூராக இல்லாமல், வேலைப்பாடு எதுவும் இல்லாமல், கயிறு கட்டுகிற டெர்பி. "இதுதான் வாங்கியிருக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். கயிறு கட்டுகிற ஷூவில் இன்னொரு வகையான ஆக்ஸ்ஃபோர்டில் கயிறு கட்டும் பகுதி அடியில் மூடித் தைத்திருக்கும், டெர்பியில் இரண்டு பக்கமும் திறந்துகொள்ளும். சின்ன வயதிலிருந்து செருப்போடு அகலமாக வளர்ந்த கால் நம்மில் பலருக்கு. அதற்கு டெர்பி எளிதாகப் பிடிக்கும். பளபளவென்று கண்ணாடி போல் இருக்கும் ஷூவை ரிசப்ஷன் மேடையைத் தவிர வேறெங்கும் போட முடியாது. சாதாரணக் கறுப்பு டெர்பியைப் பாலிஷ் போட்டால் மேடைக்கும் ஆகும், மறுநாள் ஆஃபீஸுக்கும் ஆகும். வாங்கும்போது சாயங்காலம் போய் வாங்குங்கள், கால் அப்போது கொஞ்சம் வீங்கியிருக்கும். சோலைக் கையால் நன்றாக வளைத்து, ஓரத்தில் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். மயிரிழை விரிசலோ பிசுபிசுப்போ தெரிந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கோட் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உல்லன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஒரே ஒரு முறை டிரைகிளீனிங் போட்டேன், மார்புப் பகுதியில் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. விறைப்புக்காக உள்ளே வைத்து ஒட்டிய கேன்வாஸ், மேல் துணியை விட்டு விலகியதால் வருவது அது, இனி இஸ்திரி போட்டாலும் படியாது. உள்தையலிலிருந்து ஒரு நூலை உருவித் தீயில் காட்டினேன். கம்பளி என்றால் முடி கருகுகிற வாடை வரும், சாம்பல் நொறுங்கும். இது உருகிக் கெட்டியான கறுப்பு உருண்டையாக நின்றது, பாலியஸ்டர். பாலியஸ்டர் கலந்த துணி தப்பு என்று சொல்லவில்லை, நம் பட்ஜெட்டுக்கு அதுதான் பல நேரம் சரி. அதற்கு உல்லன் விலை வாங்குவதுதான் தப்பு. தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடிகிற இடத்தில் சரியாக நிற்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். இடுப்பையும் கை நீளத்தையும் எந்த டெய்லரும் சரி செய்வார், தோளைத் தொட மாட்டார். நிறத்தில் நேவி புளூ எடுங்கள், பல நிறச் சட்டைகளோடு போகும்.

இனி முக்கியமான விஷயம். அந்தச் சுவர் போர்டுக்கு மதிப்பில்லை. 2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் காலக்கெடு எதுவும் போடவில்லை என்றால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால் வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராததும் அதே சட்டத்தில் அதே கணக்கில்தான் வருகிறது. இது தெரியாமல்தான் முதல் நாள் தலை குனிந்து வெளியே வந்தேன்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். தமிழிலேயே பேசினார்கள். கடையிலிருந்து ஃபோன் வந்தது, "வேற ஜோடி எடுத்துக்கோங்க" என்று. அதே குடோனில் அதே வருஷம் கிடந்த ஜோடி எனக்கு எதற்கு? மறுத்துவிட்டேன். எஸ்டிமேட் சீட்டில் கடைப் பெயர் இல்லை என்பதால் அவர்கள் இப்போது நான் அங்கே வாங்கவே இல்லை என்கிறார்கள். ஜிபேயில் அவர்கள் கணக்குக்குப் போன 19,500 ரூபாயும் தேதியும் என்னிடம் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடப் போகிறேன். வாங்கிய பொருளின் மதிப்பு ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். சரக்கை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஷூவைத் தூக்கிப் போடச் சொல்லி அம்மா தினமும் சொல்கிறார். மண்டபத்தில் சித்தப்பா மகன் பொறுக்கிய துண்டுகளோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டி, அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன். உரிந்த ஸ்டிக்கரையும் அடியில் இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துவிட்டேன்.