டர்பன்ல மூணு வாரம், அதுல பாதி டயர் லைட் பின்னாடி

ஊருக்குப் போயிட்டு வந்தேன்னு சொன்னா இங்க பர்மிங்ஹாம்ல ஆபீஸ்ல இருக்கிற தமிழ்ப் பசங்க மதுரையா திருநெல்வேலியான்னு கேப்பாங்க, எனக்கு ஊருன்னா தென்னாப்பிரிக்காவுல இருக்கிற டர்பன்தான். அப்பா 1996ல கணக்கு வாத்தியார் வேலைக்கு அங்க போனவரு, எனக்கு அப்ப அஞ்சு வயசு, வீட்டுக்குள்ள தமிழ் வாசப்படி தாண்டுனா இங்கிலீஷ், அப்படியே வளந்தாச்சு. இந்தத் தடவ ஈஸ்டருக்கு மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோவில் திருவிழாவ பாக்கணும்னு மூணு வாரம் லீவு போட்டேன். பெரிய வெள்ளியன்னைக்கு மாரியம்மனுக்குத் திருவிழாவான்னு புதுசா கேக்கிறவங்க சிரிப்பாங்க, கரும்புத் தோட்டக் காலத்துல மொத்தமா கிடைச்ச லீவே அதுதான்னு அங்க பெரியவங்க சொல்லுவாங்க.

கோவில் கதைய இன்னொரு நாள் எழுதறேன். இது கார் கதை.

ஏர்போர்ட்டுக்கு அப்பா வந்திருந்தாரு, அதே பழைய 2017 மாடல் பெரிய வண்டி. மீட்டர் ஓரத்துல கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டியிருந்துச்சு. என்னப்பா இதுன்னு உரிச்சுப் பாத்தா உள்ள மஞ்சள் லைட், குதிரை லாடம் மாதிரி வளைஞ்சு நடுவுல ஆச்சரியக்குறி போட்டிருக்குமே அது.

"டயர் லைட்டு. எட்டு மாசமா எரியுது. காத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு, கண்ணை உறுத்துதுன்னு ஒட்டுனேன், நீ திருப்பி ஒட்டு."

காத்து சரியாத்தான் இருந்துச்சு, அதுல அப்பாவ குறை சொல்ல முடியாது. அங்க பெட்ரோல் பங்க்கை கராஜ்னுதான் சொல்லுவாங்க, நாமளா பெட்ரோல் போட்டுக்கிற பழக்கமே கிடையாது, ஆளுங்க ஓடி வந்து போடுவாங்க, கண்ணாடி தொடைப்பாங்க, கேட்டா நாலு டயருக்கும் காத்து பாத்துக் குடுப்பாங்க, நாம கையில அஞ்சோ பத்தோ ரேண்ட் வைப்போம். இங்கிலாந்துல ஒரு பவுண்டு காச மெஷின்ல போட்டுட்டு மழையில குத்தவச்சு நானே காத்தடிக்கிறவன், எனக்கு இது ராஜ மரியாதை. நாலு டயரும் 2.2 பார், கதவு ஓரத்து ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற அதே அளவு. ஆனா லைட் எரியுது.

ரெண்டு வாரம் கழிச்சு ஜோஹன்னஸ்பர்க் பக்கத்துல இருக்கிற லெனேசியாவுக்கு அத்தை வீட்டுக்குப் போற பிளான், ஒரு வழிக்கே 600 கிலோமீட்டர் கிட்ட, ராத்திரி N3 ஹைவேல லாரி நடுவுல போகணும், டேப் ஒட்டின வண்டியில அம்மாவ ஏத்திட்டுப் போக மனசு வரல. அதனால பக்கத்துல மால்ல இருக்கிற பெரிய டயர் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். பேரு வேணாம். ஏசி ரூம், காபி, கவுண்டர்ல இருந்த பையன் வண்டிய எட்டிக்கூட பாக்காம வருஷத்தை மட்டும் கேட்டான். எட்டு வருஷம் ஆச்சா, அப்ப சென்சார் பேட்டரி போயிருக்கும், நாலும் மாத்திரணும், ஒண்ணு 950 ரேண்ட். கேக்கிறதுக்கு நியாயமாத்தான் இருந்துச்சு, சென்சார்ங்கிறது சக்கரத்துக்குள்ள உக்காந்து காத்த அளந்து ரேடியோல வண்டிக்கு சொல்ற சின்ன டப்பா, அதுக்குள்ள பேட்டரிய வச்சு மூடி அடைச்சிருப்பாங்க, தனியா மாத்த முடியாது, அஞ்சுலருந்து பத்து வருஷத்துக்குள்ள போயிரும்னு நானும் படிச்சிருக்கேன். ஜஸ்ட் நௌ முடிஞ்சிரும் சார்னான். தென்னாப்பிரிக்காவுல ஜஸ்ட் நௌன்னா இப்பவே இல்ல, அப்பறமா எப்பவாவதுன்னு அர்த்தம், அதையே மறந்துட்டு நின்னுட்டே இருந்தேன் பாருங்க. மூணரை மணி நேரம். பழசு நாலையும் ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு அப்பா கேட்டு வாங்கிட்டாரு, எதையும் தூக்கிப் போட மாட்டாரு மனுஷன்.

வீட்டுக்கு வர்ற வழியில லைட் இல்ல. மறுநாள் பீச் பக்கம் போயிட்டு வந்தோம், திரும்பவும் வந்துருச்சு. போன் போட்டா ஓட்டிட்டே இருங்க, புது சென்சார வண்டி தானா கத்துக்கும்னாங்க. பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரைக்கும் போயிட்டு வந்தேன், கத்துக்கல.

அடுத்தது கம்பெனி ஷோரூம் சர்வீஸ். நாலு நாள் கழிச்சுத்தான் இடம் குடுத்தாங்க, கம்ப்யூட்டர் மாட்டிப் பாக்கவே 1,100 ரேண்ட், ஒரு பேப்பர் குடுத்தாங்க, அதுல சென்சார் ஒரிஜினல் இல்ல, ஒரிஜினல் நாலும் மாத்தணும்னு போட்டு, கீழ ஒரு தொகை. அப்பா கண்ணாடிய ஏத்திவிட்டு ரெண்டு தடவ கூட்டிப் பாத்துட்டு பேப்பர மடிச்சு என் கையில குடுத்தாரு. ஒண்ணுமே பேசல. டேப் வீட்டுலதான் இருந்துச்சு.

அப்பறம் அம்மாவோட கோவில் சினேகிதி சொல்லித்தான் டர்பன்ல இந்தியக் குடும்பங்க நிறைய இருக்கிற சாட்ஸ்வொர்த்துக்கு, அங்க ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட போனோம். அரீனா பார்க் பக்கம் மேட்டுல ஒரு வீடு, பின்பக்கம் தகரக் கொட்டாய், அதான் ஒர்க்‌ஷாப். அண்ணனுக்கு அம்பது வயசுக்கு மேல இருக்கும், பாட்டன் பூட்டன் காலத்துல கப்பல்ல வந்த குடும்பம், பேச்செல்லாம் இங்கிலீஷ்தான், தமிழ்ல அண்ணா, ஆயா, தாத்தான்னு உறவு முறையும் சாப்பாட்டுப் பேரும் மட்டும் மிச்சம், ஆனா கொட்டாய்ல முருகன் படத்துக்கு விபூதியும் பூவும் அன்னன்னைக்கு வச்சது. அவர் வண்டிகிட்ட வரல. முதல்ல ஒரே கேள்விதான் கேட்டாரு.

"அங்கிள், சாவி போட்டதும் லைட் நிலையா எரியுதா, சிமிட்டிட்டு அப்பறம் நிலைக்குதா?"

நானும் அப்பாவும் ஒருத்தர ஒருத்தர் பாத்தோம். எட்டு மாசம் எரிஞ்ச லைட்டு, யாரும் பாக்கல. சாவி போட்டுப் பாத்தா ஒரு நிமிஷம் சிமிட்டுது, அப்பறம் நிக்குது. அப்ப காத்து பிரச்சனையே இல்ல அங்கிள், சிமிட்டுனா சிஸ்டத்துல கோளாறு, ஏதோ ஒரு சென்சார் பேசல, நிலையா எரிஞ்சாத்தான் காத்து கம்மின்னாரு. இருபது நிமிஷம் போல ஓடுனப்பறம்தான் ஆள் குறையுதுன்னு வண்டிக்கே தெரியும், அதனாலதான் அன்னைக்கு கடையிலருந்து வீட்டுக்கு வர்ற வரைக்கும் அமைதியா இருந்திருக்குன்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுச்சு.

கையில பிடிக்கிற சின்ன மெஷின் ஒண்ணு, ஒவ்வொரு வால்வு பக்கத்துலயும் காட்டுனாரு, புது சென்சார் நாலும் பதில் சொல்லுச்சு, 433 மெகாஹெர்ட்ஸ், வண்டி கேக்கிற அதே அலைவரிசை. ஒவ்வொண்ணுக்கும் தனி நம்பர் இருக்கு. அப்பறம் ஸ்டியரிங்குக்குக் கீழ ஸ்கேனர மாட்டி வண்டி ஞாபகத்துல இருக்கிற நம்பரப் பாத்தாரு, எல்லாம் பழசு, புது நம்பர் ஒண்ணுகூட உள்ள ஏறல. சில வண்டி தானா கத்துக்கும், இது அந்த ஜாதி இல்ல, மெஷின் வச்சு எழுதிவிடணும், டயர் கடையில அத செய்யவே இல்ல. ஆனா முக்கியமான விஷயம் அதுகூட இல்ல. ஸ்கிரீன்ல அஞ்சு நம்பர் இருந்துச்சு.

"ஸ்பேர் வீல் எங்க?"

"ஸ்டெப்னியா? ஸ்டெப்னி அடியில இருக்கு, அதுல எதுக்கு சென்சார்?" அப்பா.

"ஸ்டெப்... வாட்?" அண்ணன்.

அந்த வார்த்தை அங்க யாருக்கும் தெரியாது, முப்பது வருஷமா அப்பா மட்டும் விடாம சொல்லிட்டிருக்காரு. டிக்கிக்கு அடியில சங்கிலியில தொங்குற சக்கரம், கடல் காத்துல துரு ஏறி இறங்கவே மாட்டேன்னுச்சு, எண்ணெய் விட்டு அரை மணி நேரம் ஆட்டி ஆட்டி இறக்குனோம். மெஷின காட்டுனா சத்தமே இல்ல. செத்துருச்சு. எல்லா வண்டியிலயும் ஸ்டெப்னில சென்சார் இருக்காது, முழு சைஸ் சக்கரம் தொங்கவிட்ட சில பெரிய வண்டியில வைப்பாங்களாம்.

அப்ப அப்பா மெதுவா அந்த பிளாஸ்டிக் பையை எடுத்தாரு. பழைய சென்சார் நாலு. அண்ணன் ஒவ்வொண்ணா மெஷின்ல காட்டுனாரு, நாலும் பதில் சொல்லுச்சு.

நாலுமே நல்லா இருந்திருக்கு. 3,800 ரேண்ட், மாட்டுன கூலி தனி. வெளில ஓடுறது நாலும் நல்லா இருக்க உள்ள தொங்குறது மட்டும் ஏன் முதல்ல செத்துச்சுன்னு கேட்டேன், உதட்டைப் பிதுக்குனாரு. டயர் கடை மேல எனக்கு இருக்கிற கோவம் துட்டுக்காக மட்டும் இல்ல, கழட்டறதுக்கு முன்னாடி ஒரு மெஷின ரெண்டு நிமிஷம் காட்டியிருந்தா போதும், அந்த மெஷின் அவங்க சுவத்துலயே தொங்குச்சு, நானே பாத்தேன்.

பழசுல ஒண்ண ஸ்டெப்னிக்குள்ள போட்டு, புது நாலு நம்பரும் பழைய ஒரு நம்பரும் எழுதிவிட்டாரு. வால்வு அடியில வர்ற ரப்பர் வாஷர் புதுசு கைவசம் இல்ல, பழசோடயே போட்டிருக்கேன், பாப்போம்னாரு. நாங்க இருபது நிமிஷத்துக்கு மேல ஓட்டிப் பாத்தோம், லைட் இல்ல.

ரெண்டு நாள் கழிச்சு காலைல அப்பா ரூமுக்குள்ள வந்து, "எரியுது" அப்படின்னாரு, குரல்ல லேசா ஒரு சந்தோஷம்கூட. ஓடிப் போய்ப் பாத்தா சிமிட்டல, நிலையா எரியுது. எனக்கு சிரிப்பு வந்துருச்சு, முதல் தடவையா அந்த லைட் உண்மை பேசுது. நேரா ஸ்டெப்னிய இறக்குனேன், 1.5 பார். மறுபடி சாட்ஸ்வொர்த், சோப்புத் தண்ணி ஊத்துனா வால்வு அடியில குட்டிக் குட்டியா குமிழி. புது ரப்பர், புது நட்டு போட்டாரு. வால்வு மூடியையும் பிளாஸ்டிக்கா மாத்திட்டாரு, மெட்டல் மூடி கடலோரத்துல உப்புக் காத்துல இறுகி, பிடிச்சுத் திருகுனா வால்வே உடைஞ்சு கையோட வரும்னு. ரெண்டு நாளைக்கும் சேத்து 650 ரேண்ட்தான் வாங்குனாரு. அம்மா குடுத்துவிட்ட முறுக்க தனியா வாங்கிக்கிட்டாரு.

லெனேசியா போனோம். போற வழியெல்லாம் அப்பாவுக்கு நான் பாடம் எடுத்தேன், டர்பன் கடல் மட்டம், ஜோஹன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேல, அங்க வெளிக்காத்து லேசு, அதனால அதே டயர் கேஜ்ல 0.18 பார் கிட்ட கூடுதலா காட்டும், பாருங்கன்னு. மறுநாள் காலைல கேஜ் வச்சா 2.2, பெருசா மாத்தமே இல்ல. டர்பன்ல 24 டிகிரியில வச்ச காத்து, இங்க காலைல 12 டிகிரி, பத்து டிகிரி குறைஞ்சா 0.1 பார் கிட்ட இறங்கும்ல, மேட்டுல ஏறுனத குளிர் தின்னுருச்சு. கணக்கு வாத்தியாருக்கே இத விளக்குனேன். "அப்ப நான் ஒண்ணும் பண்ணாம இருந்தாலும் இதேதான் காட்டியிருக்கும்" அப்படின்னு டீயக் குடிச்சாரு.

போன வாரம் போன்ல பேசுறப்ப லைட் திரும்ப வந்துருச்சுன்னாரு. சிமிட்டுதா நிலையா எரியுதான்னு கேட்டேன்.

"இரு, போய்ப் பாத்துட்டு வர்றேன்."