"120 வருடப் பழமையான நாகா இடுப்புவார்" வாங்கி ஏமாந்த கதை

போன மாதம் 18,500 ரூபாய் ஏமாந்தேன். நாகாலாந்துப் பொருட்கள் மேல் ஆசை உள்ள இன்னொருவர் இப்படி ஏமாறக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

தாவ் என்பது நாகாக்களின் வெட்டுக்கத்தி. காடு திருத்த, மூங்கில் பிளக்க, இறைச்சி வெட்ட, ஒரு காலத்தில் சண்டைக்கும் அதுதான். மரக்கட்டையில் குடைந்த திறந்த உறையில் அதைச் செருகி, இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். அந்தக் கட்டையைத் தாங்குவதுதான் இடுப்புவார். குடைவது ஆண்கள், நெய்வது பெண்கள். திமாப்பூரில் வேலை பார்த்தபோது ஒரு நண்பர் வீட்டுச் சுவரில் அவருடைய தாத்தாவின் உறையைப் பார்த்தேன். கத்தி உரசி உரசி உட்புறம் கண்ணாடி போல வழவழத்திருந்தது. அன்றிலிருந்து ஆசை.

டெல்லி வியாபாரி ஒருவர் ஆன்லைனில் உறையோடு கூடிய ஓர் இடுப்புவாரின் படம் போட்டிருந்தார். கோன்யாக் என்னும் நாகா இனத்தைச் சேர்ந்த, எதிரியின் தலையை வெட்டிக் கொண்டுவரும் தலைவேட்டை வீரர் கட்டியதாம், மோன் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து நேரே வந்ததாம். இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள் என்றதும் பதறிப்போய் முழுப் பணத்தையும் யுபிஐயில் அனுப்பிவிட்டேன்.

பார்சலைப் பிரித்ததுமே வார்னிஷ் நெடி. நண்பரை வீடியோ காலில் கூப்பிட்டேன். அவருடைய அம்மா மொகோக்சுங் பக்கத்து ஆவோ இனத்தவர், இடுப்பில் கட்டி இழுத்துப் பிடித்து நெய்யும் இடுப்புத் தறியில் நெய்கிறவர். உற்றுப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "தாவை எதில் செருகுவது?"

அப்போதுதான் பார்த்தேன். கட்டையில் இருந்தது மேலோட்டமான வெறும் கோடு. கத்தி நுழைய இடமே இல்லை.

பிறகு வாரைத் திருப்பச் சொன்னார். இடுப்புத் தறியில் நெய்த பட்டைக்கு இரண்டு கரையும் தறியிலேயே அமைந்துவிடும். என்னிடம் இருந்ததோ அகலத் துணியை நறுக்கி, ஓரம் பிரியாமல் மெஷினில் ஓவர்லாக் தையல் அடித்தது. சோழிகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே பல்வரிசை: பிளாஸ்டிக். சிவப்புச் சாயம் போட்ட ஆட்டுமுடி என்று சொன்னதில் ஓர் இழையைத் தீயில் காட்டினேன். முடியென்றால் பொசுங்கி நாறும், இது உருகி உருண்டையானது. ஆர்க்கிட் தண்டை உரித்துக் காயவைத்த மஞ்சள் நாருக்குப் பதிலாக மஞ்சள் ரிப்பன். "கோன்யாக் வேலையும் இல்லை, எங்கள் வேலையும் இல்லை" என்றார் அம்மா.

விளம்பரத்தில் இருந்த தலைவேட்டைக் கதையை நண்பர் மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மாவின் முகம் வாடிவிட்டது. அந்தக் காலத்தில் சோழி கட்டுவது நினைத்தவரெல்லாம் செய்துகொள்ளும் அலங்காரம் இல்லை, சம்பாதிக்க வேண்டிய மரியாதை. 2024 அக்டோபரில் இங்கிலாந்தில் ஒரு நாகா மண்டையோட்டை ஏலத்துக்கு வைத்து, எதிர்ப்பு கிளம்பிய பிறகே விலக்கிக்கொண்டார்கள். அந்தக் காயம் ஆறாத மக்களின் முன்னோரை வைத்துப் பிளாஸ்டிக் சோழி விற்கிறார்கள். எனக்குப் பணத்தைவிட இதுதான் வலிக்கிறது.

இன்னொன்று. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 வருடம் கடந்த கலைப்பொருளை வணிகமாக விற்க உரிமம் வேண்டும். "120 வருடம்" என்று யாராவது சொன்னால் முதலில் உரிமத்தைக் கேளுங்கள். நான் கேட்டது பணம் போன பிறகு. பழம்பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது என்று பதில் அனுப்பிவிட்டு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.

வாங்கியே தீர வேண்டும் என்றால் உறைக்குள் கத்தி போய் வருவதையும், வாரின் இரு கரையையும், பின்பக்கத்தையும் வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். டிசம்பர் 1 முதல் 10 வரை கோஹிமா அருகே கிசாமாவில் நடக்கும் ஹார்ன்பில் திருவிழாவுக்குப் போனால், செய்கிறவர்களிடமே கேட்டுப் பார்த்துப் புதியதை வாங்கலாம்.

நான் நண்பரின் அம்மாவிடமே ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன். முன்பணம் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். வாரை அவர் நெய்துவிடுவார். கட்டை குடைய வேண்டியவர் அவருடைய அண்ணன். அவருக்கு நெல் அறுவடை முடிய வேண்டுமாம்.